விட்காட்ஸியின் உருவப்படக் கம்பெனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் முகம் வரையத் தொடங்கும்போது, போலந்து ஓவியர் விட்காட்ஸி வரைந்த படங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவது என் வழக்கம். ஒட்டி முடிப்பதற்குள் கேள்விகள் வந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை.

விட்காட்ஸிக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. தன்னிடம் படம் வரைந்துகொள்ள வருபவர்களுக்காக 1928இல் ஒரு விதிமுறைத் தாள் அச்சடித்தார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர்க்கவே இதை அச்சடித்திருக்கிறோம் என்று அதன் தொடக்கத்திலேயே காரணம் போட்டிருக்கிறார். எனக்கும் அதே காரணம்தான். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன்.

யாரு சார் இந்த விட்காட்ஸி? பேரே வாயில நுழைய மாட்டேங்குது.

முழுப் பெயர் இன்னும் நீளம்: ஸ்டானிஸ்வாஃப் இக்னாட்ஸி விட்கியேவிச். 1885இல் வார்சாவில் பிறந்தவர். அப்பாவின் பெயரும் ஸ்டானிஸ்வாஃப் விட்கியேவிச்தான். அவரும் ஓவியர், பெரிய கலை விமர்சகர். டாட்ரா மலையடிவாரத்தில் இருக்கும் ஜாகோபானே என்ற ஊரின் மரவீட்டுப் பாணியை உருவாக்கியவர் என்று போலந்து முழுக்க அவரைத் தெரியும். ஒரே பெயரில் அப்பாவும் மகனும் ஓவியர்களாக இருந்தால் சிக்கல் மகனுக்குத்தான். விட்கியேவிச், இக்னாட்ஸி இரண்டையும் ஒட்டவைத்து விட்காட்ஸி என்று தனக்கே ஒரு பெயர் செய்துகொண்டார்.

ஓவியம் தவிர நாடகம், நாவல், தத்துவம், புகைப்படம் எல்லாவற்றிலும் கை வைத்தவர். ஆனால் இந்தப் பக்கம் அவருடைய உருவப்படங்களைப் பற்றியது மட்டுமே. மற்றதற்குள் போனால் திரும்பி வர முடியாது.

கம்பெனின்னா எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?

ஒருத்தர். வரைபவர், கணக்குப் பார்ப்பவர், விதி போடுபவர் எல்லாம் அவரே. 1925இல் 'உருவப்பட நிறுவனம்' என்று பெயர் வைத்து ஆரம்பித்தார். பெரும்பாலும் ஜாகோபானேயில், சில சமயம் வார்சா போன்ற ஊர்களுக்குப் போயும் வரைந்தார். விதிமுறைத் தாளில் எங்கேயும் 'நான்' கிடையாது. 'நிறுவனம் கருதுகிறது', 'நிறுவனம் அனுமதிக்காது' என்றே போகும். இந்தத் தொழிலின் கஷ்டத்தை நினைத்தால் நிறுவனத்தின் நரம்புகளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்றுகூட ஓரிடத்தில் வரும். நரம்புள்ள கம்பெனியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய புகைப்படம் ஒன்று உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில், ரஷ்யப் படையின் சீருடையில், பீட்டர்ஸ்பர்கில் எடுத்தது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் ஐவரும் அவரே: ஒருவர் நமக்கு முதுகு காட்டும் நிஜ ஆள், மற்ற நால்வர் கண்ணாடிகளில் விழுந்த பிம்பங்கள். கம்பெனியில் எத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைக் காட்டிவிடுவேன்.

இது ஆயில் பெயின்டிங்கா? கிட்டப் பார்த்தா சாக்பீஸ் மாதிரி இருக்கு.

பேஸ்டல். கரி, வண்ணக்கட்டி, பென்சில், பேஸ்டல் எல்லாம் கலந்த வேலை என்று விதிமுறையிலேயே சொல்லியிருக்கிறார். அதோடு, நுட்பம் பற்றி யாரும் கருத்துச் சொல்லக் கூடாது, மாற்றச் சொல்லியும் கேட்கக் கூடாது என்று ஒரு வரி. பெரும்பாலானவை சாம்பல், பழுப்பு, நீலம் மாதிரி நிறமுள்ள தாளில், ஏறத்தாழ 65க்கு 50 செ.மீ. அளவில் இருக்கும். தாளின் நிறத்தையே முகத்தின் நடுச்சாயலாக விட்டுவிட்டு, வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் மேலே போட்டிருப்பார். வகுப்பில் நான் முதலில் காட்டுவது இதைத்தான். கன்னத்தில் ஒன்றுமே வரைந்திருக்க மாட்டார், ஆனால் கன்னம் இருக்கும்.

எண்ணெய் வண்ணத்திலும் அவர் வரைந்திருக்கிறார், ஆனால் கம்பெனி தொடங்கிய சமயத்தில் அதைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார். ஏன் என்பது கொஞ்சம் பெரிய கதை. பின்னால் வருகிறது.

ஏ, பி, சின்னு வகை வகையா பிரிச்சிருக்காரே, அது தரவரிசையா? ஏ-ன்னா முதல் தரமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை கிட்டத்தட்டத் தலைகீழ்.

ஏ வகை வழவழவென்று அழகுபடுத்திய முகம். நம் ஊர் ஸ்டுடியோ பாஷையில் நல்ல 'டச்சப்' போட்டது. அழகு கூடும், ஆளுடைய குணம் கொஞ்சம் போய்விடும், அது பெண்களுக்கே அதிகம் பொருந்தும் என்று அவரே எச்சரிக்கிறார். பி வகையில் கோடு கூர்மையாகும், முகத்தின் குணம் தெரியும், ஆனால் கேலிச்சித்திரமாகாது. பி-யோடு ஒரு 'கூடுதல்' சேர்த்தால் தலை இயல்பைவிடப் பெரிதாகி, கேலிச்சித்திரத்தின் விளிம்புவரை போகும். பெண்களின் அழகை 'பேய்த்தன்மை' நோக்கித் தீவிரப்படுத்தவும் வழியுண்டு என்கிறார். ஈ வகை, உள்ளுணர்வு எப்படி இழுக்கிறதோ அப்படி. எப்போதும் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. குழந்தைகளுக்குத் தனி வகை. அவர்கள் ஒரு நிமிஷம் உட்கார மாட்டார்கள் என்பதால் வேலை ஸ்கெட்ச் மாதிரிதான் அமையும் என்று முன்கூட்டியே கைகழுவிவிடுகிறார்.

மிச்சம் சி, டி. சி என்பது மதுவோ வேறு போதைப்பொருளோ எடுத்துக்கொண்டு வரைவது. ஆள் அடையாளம் தாண்டி, வடிவமும் நிறமும் தம் போக்கில் போகும். டி என்பது அதே விளைவை எதுவும் எடுத்துக்கொள்ளாமல் கொண்டுவருவது. டி வகையில் ஒருவருடைய தலை பாதி மிருகமாகியிருந்தால், அதைத் தெளிந்த தலையோடு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

விலை எவ்வளவு வாங்கினார்?

1928 பட்டியலின்படி ஏ வகை 350 ஸ்வோட்டி (போலந்து நாணயம்), பி 250, கூடுதல் சேர்த்த பி 150. ஈ வகையும் குழந்தைகள் வகையும் 150 முதல் 250 வரை. டி வகை 100. அன்றைக்கு ஒரு டாலருக்கு ஒன்பது ஸ்வோட்டிக்குச் சற்றுக் குறைவு, ஆக ஏ வகை கிட்டத்தட்ட 39 டாலர். மூன்றில் ஒரு பங்கு முன்பணம். தவணையும் உண்டு. விலையே குறைவு, அதனால் தள்ளுபடி கேட்பது உசிதமல்ல என்று பேரத்துக்கும் அப்போதே கதவைச் சாத்திவிட்டார்.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வாடிக்கையாளரை எவ்வளவு குஷிப்படுத்துகிறாரோ அவ்வளவு விலை. அவர் தன் இஷ்டத்துக்கு வரைய வரைய விலை இறங்குகிறது. எல்லாவற்றிலும் சுதந்திரமான சி வகைக்கு நேரே எண் கிடையாது, 'விலைமதிப்பற்றது' என்று மட்டும் இருக்கும். அது விற்பனைக்கு அல்ல. இந்த இறங்குவரிசை தற்செயலாக வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

படம் பிடிக்கலைன்னா பணம் திருப்பித் தருவாரா?

படத்தை வேண்டாம் என்று சொல்லலாம். கம்பெனியின் பெரிய புதுமையாக அவர் பெருமைப்படுவதே இதைத்தான். அப்போது விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். முன்பணமும் அதே அளவு என்பதைக் கவனியுங்கள். ஆகவே கையில் திரும்ப வருவது ஒன்றுமில்லை, மிச்சத்தைக் கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஏ, பி, ஈ ஆகிய சுத்தமான வகைகளுக்கு மட்டுமே இந்தச் சலுகை. கேலி கலந்ததைக் கேட்டு வாங்கிவிட்டு, என்னை இப்படி வரைந்துவிட்டாரே என்று வந்து நிற்க முடியாது.

வேண்டாம் என்ற படம் கம்பெனிக்குச் சொந்தம். அதைக் கிழித்துப் போடு என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை இல்லை. உங்கள் முகம்தான், ஆனால் படம் உங்களுடையது இல்லை. நிறுவனமே தன் சரக்கை ஏற்க மறுக்கும் நிலையும் வரலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அது எனக்குப் பிடிக்கும்.

வரைஞ்ச படத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாதாமே, நிஜமாவா?

நிஜம். மூன்றாவது விதி. மொத்தத் தாளிலும் சாரமான இடம் இதுதான். ஏற்கிறீர்களா இல்லையா, ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. ஜாடை இருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. பின்னணி பற்றிப் பேசக் கூடாது. 'நான் இவ்வளவு சோகமாகவா இருக்கிறேன்?' கூடாது. 'இது நான் இல்லை' கூடாது. 'ரொம்ப அழகாக வந்திருக்கிறேனே' என்ற பாராட்டும் கூடாது. வாடிக்கையாளர்களின் கருத்துகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் நிறுவனத்துக்கு எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும் என்று காரணமும் எழுதியிருக்கிறார்.

விலக்கப்பட்ட குற்றங்களில் இன்னொன்று, படத்தில் முகத்தின் ஒரு பகுதியைக் கையால் மறைத்து, 'இந்த இடம் மட்டும் சரியில்லை' என்று ஜாடை காட்டுவது. இதை முதல்முறை வாசித்தபோது சிரித்தேன். பிறகு ஒருநாள் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அப்பாவை வரைந்து கொடுத்தாள். அவர் படத்தைக் கையில் வாங்கினார், கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகக் கட்டைவிரலை எடுத்து மூக்கின் மேல் வைத்தார். விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு அந்த விதியைப் படித்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கையை வரையத் தனிக் காசாமே?

ஆமாம். ஒரு கைக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கழுத்தும் தோளும் திறந்திருக்கும் பெண்களின் படத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். முழு உருவம் என்றால் தனி ஒப்பந்தம். அப்படிப்பட்ட பெரிய படங்களுக்கு இருபது தடவைகூட உட்கார வேண்டியிருக்கும். முகம் மட்டும் என்றால் ஒன்றிலிருந்து ஐந்து தடவை. கை வரைந்து பார்த்தவர்கள் யாரும் இந்தக் கட்டணத்தை அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள். மூன்று முகம் வரையும் நேரத்தில் ஒரு கை ஒழுங்காக வந்தால் பெரிய விஷயம்.

இதெல்லாம் சும்மா கிண்டலுக்கு எழுதினதுதானே?

பாதி கிண்டல், பாதி வயிற்றெரிச்சல். எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. கல்லாவைப் பற்றி எழுதும்போது, வாடிக்கையாளர் 'கல்லா' என்று சொல்லப்படும் இடத்துக்குப் போய், அதாவது பேசிய தொகையை நேரே நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். எதிரே ஒரே ஒரு மனிதர்தான் நிற்கிறார் என்று இருவருக்கும் தெரியும். அது கிண்டல்.

ஆனால் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தொழில் தெரிந்தவர் எழுதியது என்பது புரியும். நேரத்துக்கு வர வேண்டும், காத்திருந்தால் நிறுவனத்தின் மனநிலை கெட்டு வேலை கெடும். முடியும்வரை படத்தைப் பார்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்து வரைவது நோயாளிகள், முதியவர்கள் மாதிரி விதிவிலக்குகளுக்கு மட்டும். அப்போதும் பாதி வரைந்த படத்தைப் பூட்டி வைக்க ஒரு மறைவிடம் தர வேண்டும். நாம் தூங்கும்போது வீட்டார் எட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ஆளுக்கொரு யோசனை சொன்ன அனுபவம் இல்லாதவர் இந்த விதியை எழுதியிருக்க மாட்டார். சட்டையைப் பற்றி மட்டும் நிறுவனத்துக்குக் கருத்தே கிடையாது. எதை வேண்டுமானாலும் போட்டு வரலாம். அதை எப்படியும் அவர் பெரிதாக வரையப் போவதில்லை.

படத்தோட மூலையில ஏதோ கிறுக்கியிருக்கே, அது என்ன?

கையெழுத்து, தேதி, அப்புறம் கணக்கு. முதலில் 'வகை' என்பதற்கான போலிஷ் சொல்லின் முதலெழுத்தும், பக்கத்தில் எந்த வகை என்ற எழுத்தும் இருக்கும். தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் போடுவது வழக்கம். அதன் பிறகு வருவதுதான் வேடிக்கை. கொக்கெய்னுக்கு ஒரு சுருக்கம், மதுவுக்கு ஒன்று, காப்பியின் கஃபீனுக்கு ஒன்று, தேநீருக்கும் ஒன்று. புகைபிடிக்கவில்லை என்பதற்கு இரண்டு எழுத்து, பக்கத்தில் எத்தனை நாளாக என்ற எண். குடிக்கவில்லை என்பதற்கு 'என்' எழுத்தோடு கணிதத்தில் வரும் பை குறியைச் சேர்ப்பார், ஏனென்றால் போலிஷ் மொழியில் அந்தக் குறியின் பெயர் 'பி', குடிப்பதற்கான சொல்லும் 'பி' என்றே தொடங்குகிறது.

ஆக, யாரோ ஒரு பெண்மணியின் அமைதியான முகத்துக்குக் கீழே, வரைந்தவர் அன்று சிகரெட்டை விட்டு எத்தனையாவது நாள் என்ற விவரம் இருக்கும். பலர் டைரியில் எழுதுவதை இவர் அடுத்தவர் முகத்தின் ஓரத்தில் எழுதினார். உட்கார்ந்தவருக்கு ஒரு படம் என்றால், வரைந்தவருக்கும் மூலையில் சின்னதாக ஒன்று.

அப்ப எப்பவும் போதையிலேயே வரைஞ்ச ஆள்தானே?

இல்லை. மேலே சொன்ன குறிகளே அதற்குச் சாட்சி: எடுத்துக்கொண்டதைவிட எடுத்துக்கொள்ளாததை எண்ணிக்கொண்டிருந்தவர். போதையில் வரைந்தவை கம்பெனி வரைந்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒரு பகுதி மட்டுமே. 1928 விதிமுறையில் சி வகை 'தற்போது இல்லை' என்றே இருக்கிறது. அந்தச் சோதனைகளில் பல, ஜாகோபானேயில் இருந்த நண்பர் டாக்டர் தேயோடோர் பியாவினிட்ஸ்கி-பிருலாவின் வீட்டில், டாக்டரின் கண்பார்வையில் நடந்தவை.

1932இல் போதைப்பொருள்கள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் அவர் அதிகமாகத் திட்டுவது அன்றாடம் ஊரே பயன்படுத்தும் புகையிலையையும் மதுவையும்தான். வகுப்பில் 'போதை போட்டால் நன்றாக வரும்போல' என்று கண்ணடிக்கும் பையன்களுக்கு நான் டி வகையைக் காட்டுவேன். அதே கோரம், அதே வேகம், உள்ளே ஒன்றும் போகவில்லை.

மத்த ஓவியர்களை வரைஞ்சப்பவும் இதே ரூல்ஸ்தானா? அவங்ககிட்டயும் காசு வாங்கினாரா?

நண்பர்களுக்கு வேறு கணக்கு. விலைமதிப்பற்றது என்று போட்டிருந்த சி வகை யாருக்கு என்று இப்போது புரிந்திருக்கும். காசு கொடுத்தவருக்கு ஏ வகை கிடைத்தது. மாலையில் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தவருக்குத்தான், பட்டியலில் விலையே இல்லாத படம்.

அந்த வட்டத்தில் கலைஞர்கள் நிறைய. சிற்பி அவுகுஸ்ட் ஜமோய்ஸ்கியை வரைந்தார். த்ரோஹோபிச் ஊரில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்த, பிறகு எழுத்தாளராக உலகம் அறிந்த புரூனோ ஷுல்ட்ஸை வரைந்தார். ஓவியர் ரஃபாவ் மால்ச்செவ்ஸ்கியை வரைந்தார். ஓவியரை ஓவியர் வரையும்போது மூன்றாவது விதிக்கே வேலையில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மூக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், கட்டைவிரலை வைக்க மாட்டார்.

யாரு இந்த ரஃபாவ்? விட்காட்ஸி அவரை வரைஞ்சதுல என்ன விசேஷம்?

ரஃபாவ் மால்ச்செவ்ஸ்கி 1892இல் பிறந்தவர். அவருடைய அப்பா யாட்செக் மால்ச்செவ்ஸ்கி, போலந்துக் குறியீட்டு ஓவியத்தின் பெரிய பெயர். மகன் தேர்ந்தெடுத்தது அப்பாவின் தேவதைகளையும் புராணங்களையும் அல்ல, டாட்ரா மலையின் பனியை. மலையேறி, பனிச்சறுக்கு வீரர். 1917இல் ஒரு மலையேற்ற விபத்தில் கூட வந்தவர் இறந்துபோக, இவர் மட்டும் பிழைத்தார். 1939இல் நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் கனடாவின் மான்ட்ரியாலில் குடியேறி, 1965இல் அங்கேயே இறந்தார்.

விசேஷம் இதுதான்: வரைபவரும் உட்கார்ந்திருப்பவரும் இருவருமே 'அந்தப் பெரிய ஓவியரின் பையன்' என்று அறிமுகமாகி, அதிலிருந்து தப்பிக்க ஆளுக்கொரு வழி பார்த்தவர்கள். ஒருவர் பெயரை மாற்றினார், இன்னொருவர் மலைமேல் ஏறினார். அப்பாக்கள் எண்ணெய் வண்ணத்தில் பெரிய பெரிய துணிகளை நிரப்பினார்கள். மகன் இன்னொரு மகனை வரைய எடுத்தது நிறத்தாளும் சுண்ணக்கட்டியும்.

உருவப்படம் கலையே இல்லைன்னு சொன்னவராமே? அப்புறம் ஏன் வாழ்நாள் முழுக்க அதையே வரைஞ்சார்?

சாப்பாட்டுக்கு. இது குறுக்கு வழிப் பதில் இல்லை, அவரே ஒளிக்காத பதில். அவருடைய கோட்பாட்டுக்குப் பெயர் 'தூய வடிவம்'. ஒரு படம் எதைக் காட்டுகிறது என்பது முக்கியமில்லை. நிறமும் வடிவமும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் இறுக்கத்தில், நாம் இருக்கிறோம் என்பதன் விசித்திரம் பார்ப்பவருக்கு ஒரு கணம் உறைக்க வேண்டும். அதுதான் கலை. ஜாடை பிடிப்பது தொழில், தச்சு வேலை மாதிரி. 1920களின் நடுவில், எண்ணெய் ஓவியத்தில் சொல்ல நினைத்ததைச் சொல்லியாயிற்று என்று முடிவுகட்டி, அதைவிட்டு விலகி, தொழிலைத் தொழிலாகவே செய்யக் கம்பெனி ஆரம்பித்தார்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தொழில் மட்டும்தான் என்றால் ஏ வகையோடு நிறுத்தியிருக்கலாம், அதற்குத்தான் நல்ல விலை. ஒரே நண்பரை நாற்பது, ஐம்பது தடவை உட்காரவைத்து, தேநீர்க் கணக்கும் சிகரெட் கணக்கும் எழுதி, கூலி இல்லாமல் வரைய வேண்டியதில்லை. கலை இல்லை என்று பெயர் வைத்துவிட்டதால் கிடைத்த சுதந்திரத்தில், முன்வாசல் வழியாக அனுப்பிய கலையைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்தார் என்றே நினைக்கிறேன். கேட்டிருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். கேட்கவும் முடியாது, முடித்த படத்தைப் பற்றி நிறுவனத்தின் அபிப்பிராயம் கேட்பது நான்காவது விதிப்படி குற்றம்.

இலங்கைக்கு வந்திருக்கார்னு சொன்னீங்களே, உண்மையா?

உண்மை. 1914 பிப்ரவரியில் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண் யத்விகா யான்செவ்ஸ்கா தற்கொலை செய்துகொண்டார். இவர் உடைந்துபோயிருந்தார். சிறுவயது நண்பர் ப்ரோனிஸ்வாஃப் மலினோவ்ஸ்கி, பின்னாளில் மானிடவியலில் பெரிய பெயரெடுத்தவர், ஆஸ்திரேலியாவுக்கு ஆய்வுப் பயணம் புறப்பட்டுக்கொண்டிருந்தார். படம் வரையவும் போட்டோ எடுக்கவும் துணைக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கோடையில் வழியில் இலங்கையில் இறங்கி, கண்டி, அனுராதபுரம் பக்கமெல்லாம் சுற்றினார்கள். அந்த மரங்களும் வெளிச்சமும் அவருக்கு மருந்தாகவில்லை. இவ்வளவு அழகை இந்த மனநிலையில் பார்ப்பதே சித்திரவதை என்கிற தொனியில்தான் வீட்டுக்கு எழுதினார். ஆனால் வெப்பநாட்டு நிறங்கள் அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டன. அடுத்த சில ஆண்டுகளின் ஓவியங்களில் அவை வெடித்துக் கிளம்பும்.

ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்ததும் போர் மூண்டது. நண்பர்களுக்குள் பிணக்கு. இவர் திரும்பிப் போய் ரஷ்யப் படையில் சேர்ந்தார். முன்பு சொன்ன ஐவர் புகைப்படம் அதன் பிறகு எடுத்தது.

படங்களை இப்ப எங்க பார்க்கலாம்?

போலந்தின் வடக்கே, பால்டிக் கடலோரத்துக்குப் பக்கத்தில் ஸ்வுப்ஸ்க் என்ற ஊர். அங்கே உள்ள மத்திய பொமரேனியா அருங்காட்சியகத்தில்தான் மிகப் பெரிய தொகுப்பு, 250 படங்களுக்கும் மேல். ஜாகோபானே தெற்குக் கோடி, இது வடக்குக் கோடி. எப்படிப் போயின? போதைப் பதிலில் சொன்ன டாக்டர் பிருலாவின் மகன் மிஹாவ், போருக்குப் பின் பக்கத்து ஊரான லெம்போர்க்கில் வசித்தார். அவரிடமிருந்து 1965இல் அருங்காட்சியகம் 110 பேஸ்டல்களை மொத்தமாக வாங்கியது. காசு வாங்காமல் நண்பர் வீட்டில் வரைந்த படங்கள்தான் தொகுப்பின் அஸ்திவாரம் ஆயின. வார்சா, கிராக்கோ தேசிய அருங்காட்சியகங்களிலும் விட்காட்ஸி உண்டு.

பேஸ்டல் வெளிச்சம் தாங்காது. அதனால் எல்லாம் ஒரே சமயத்தில் சுவரில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆன்லைன் ஏலத்துல ஒண்ணு பார்த்தேன். மூலையில நீங்க சொன்ன குறியெல்லாம் இருக்கு. அப்ப ஒரிஜினல்தானே?

குறி இருப்பதாலேயே சந்தேகப்படுங்கள். ஒரு விட்காட்ஸியில் நகலெடுக்க மிகச் சுலபமான பகுதி அந்த மூலைதான், அதனால் போலி செய்பவர்கள் அதைத் தாராளமாகவே போடுவார்கள். போலிகள் நிறையச் சுற்றுகின்றன. படம் யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற வரலாறு, தாளின் வயது, கோட்டின் வேகம், இதையெல்லாம் தெரிந்தவர்கள் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். போட்டோவைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால் அவரையும் நம்பாதீர்கள். சி வகை என்று போட்டிருந்தால் இன்னும் கவனம். அன்று விலையே போடாத சரக்குக்கு இன்று கிராக்கி அதிகம்.

அவர் கல்லறையில வேற யாரோ இருக்காங்களாமே? கதைதானே இது?

கதை இல்லை. 1939 செப்டம்பரில் ஜெர்மனி படையெடுத்ததும் கிழக்கே ஓடினார். செப்டம்பர் 17இல் கிழக்கிலிருந்து சோவியத் படையும் நுழைந்தது. மறுநாள், இன்று உக்ரைனில் இருக்கும் யெஜோரி என்ற கிராமத்தில் தற்கொலை செய்துகொண்டார். அங்கேயே புதைத்தார்கள். 1988இல் எலும்புகளைத் தோண்டியெடுத்து, அரசு மரியாதையோடு ஜாகோபானேவுக்குக் கொண்டுவந்து அம்மாவின் கல்லறையில் சேர்த்தார்கள். 1994இல் திறந்து ஆராய்ந்தபோது அது ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு என்று தெரிந்தது. அவர் எங்கோ யெஜோரியிலேயே இருக்கிறார்.

ஆயிரக்கணக்கான முகங்களை வரைந்தவருக்கு ஜாடை பார்க்காமலே அடக்கம் நடந்துவிட்டது. 'இது நான் இல்லை' என்று சொல்லவும் அவருடைய விதியே இடம் தராது.

சரி சார், நீங்க என் முகத்தை வரைஞ்சு தருவீங்களா?

தருவேன். மூன்றில் ஒரு பங்கு முன்பணம். நேரத்துக்கு வர வேண்டும். பாதியில் எட்டிப் பார்க்கக் கூடாது. கைக்குத் தனிக் காசு.